ஒரு பிடி மிச்சம்

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் குருவியும் இருக்கிறோம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுதுவோம். உங்களையும் குருவியையும் விட்டு என் தங்கை போன பிறகு அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

தினமும் சாயங்காலம் போனில் பேசுகிறோமே, அக்கா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் மகள் எங்கே பேச விடுகிறாள்? மணி அடித்ததும் போனைப் பறித்துக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். நான் வாங்கி இரண்டு வார்த்தை பேசினால், "அப்பாகிட்ட என்ன ரகசியம் பெரியம்மா?" என்று காதை நீட்டிக்கொண்டு வருகிறாள். குரலைப் பதிந்து அனுப்பலாம் என்று பார்த்தேன். அதையும் தேடி எடுத்துப் போட்டுப் போட்டுக் கேட்கிறாள். அவளுக்கு அச்செழுத்தைக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். என் கோழிக்கிறுக்கலைப் படிக்க அவளால் ஆகாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்துக்கும் ஒரு பலன் இருக்கிறது பாருங்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குருவி நன்றாகச் சாப்பிடுகிறாள். முன்பு எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிண்ணம் சோற்றை ஊட்டுவதற்குள் என் தங்கை மாடிப்படி முழுக்க ஏறி இறங்கிவிடுவாள். வாய்க்குள் போனாலும் தொண்டைக்குள் போகாது. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் ம் ம் என்பாள். குருவி என்று பேர் வந்ததே அந்தக் கொறிப்பால்தான். அந்தப் பிள்ளை இப்போது கூப்பிடாமலே வந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறது. கீரை வைத்தால் கீரை, பாகற்காய் வைத்தால் பாகற்காய். மூச்சு விடாமல் சாப்பிடுகிறது. தட்டில் ஒரு பருக்கை இருக்காது. வழித்து, நக்கி, கழுவின மாதிரி ஆக்கி என்னிடம் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள்.

கீழ்வீட்டு டெய்லரம்மா, பள்ளிக்கூடச் சட்டையைப் பிரித்துத் தையல் விட வந்தவள், இதைப் பார்த்துவிட்டு, "குருவி குருவின்னு சொல்லி ஊரை ஏமாத்திட்டீங்களே, இது கழுகுல்ல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. யாரோ பார்த்துவிட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா இல்லாத பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் கிடக்குமோ, நீங்கள் அங்கே இருந்துகொண்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். நீங்கள் வந்து அவளை மடியில் வைத்து, அம்மா இனி வரமாட்டாள் என்று சொன்னபோது அவள் அழவே இல்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது சாப்பிடுகிறாளே, அதுவே போதும்.

நான் மறுபடி பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். அதே பேக்கிங் பக்கம்தான். பெல்ட்டில் வருவதை அடுக்கி உறைக்குள் தள்ளுகிற வேலை. கை வேலை செய்கிறது, மனசு எங்கேயாவது போய்விட்டு வருகிறது. வாரக் கடைசியில் உடைசலை ஆளுக்கு ஒரு பை அள்ளிக்கொள்ள விடுகிறார்கள். சாக்லேட் உடைசல், க்ரீம் உடைசல் எல்லாம் கலந்து கிடக்கும். சோறு சாப்பிட்ட பிறகும் குருவி அந்தப் பையில் கை விடுகிறாள். சாப்பிடட்டும், பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நீங்கள் இருவரும் தட்டைக் காட்டிக்கொள்வதை நான் அடுப்படியிலிருந்து பார்க்கிறேன். என் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளையைச் சாப்பிட வைக்க நீங்கள் ஆரம்பித்தது. "தட்டைக் காலி பண்ணி அப்பாவுக்குக் காட்டு, அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிடும்" என்பீர்கள். இவள் காலித் தட்டைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பாள். இப்போது அவள் முறை. "அப்பா, உங்க தட்டைக் காட்டுங்க. சாய்ச்சுக் காட்டுங்க, அடியில தெரியல" என்று உங்களை அதட்டுகிறாள். உங்கள் அறையில் இருப்பவர்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது.

நீங்கள் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்தாயிற்று. பாத்திரம் பண்டமெல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டோம். என் தங்கை செருப்பை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இடது செருப்பின் குதிகால் தேய்ந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பாள். வாசலில் எங்கள் செருப்புகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள் என்று அவள் சொல்வாள். இனி நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா

---

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருக்கிறோம். என் கடிதம் வந்து சேர்ந்ததென்று போனில் சொன்னீர்கள். அதற்குமேல் நீங்களும் பேசவில்லை, பேசவும் முடியாது. குருவி உங்கள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் தலையை வைத்திருந்தாள்.

போன தடவை எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதினேன் அல்லவா, அது நன்றாகச் சாப்பிடுவது இல்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் கம்பெனி உடுப்போடு, தலையில் வலைத்தொப்பியோடு அப்படியே ஓடினேன். வகுப்பு டீச்சர் அவளைத் தனியாக ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார். சட்டை முழுக்க வாந்தி. டீச்சர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "இவ தன் டிபன் பாக்ஸை முடிச்சிட்டு மத்தவங்க மிச்சம் வைக்கிறதையும் சாப்பிடுறா. பிள்ளைங்க அதை வேடிக்கையா வச்சுக்கிட்டு, வேணாம்னு ஒதுக்கினதை எல்லாம் இவகிட்ட தள்ளிவிடுறாங்க. வீட்டுல சாப்பாடு சரியா கிடைக்குதா?" என்று கேட்டார். அவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

வீட்டிலும் இரண்டு மூன்று தடவை வாந்தி எடுத்தாள். அவசரமாகச் சாப்பிட்டதால் என்று நினைத்தேன். வயிறு கல் மாதிரி இருக்கும். அப்போதும், "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று நான் கேட்டால் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. கேட்பதை நிறுத்தியிருக்கலாம். ஒரு பிள்ளை சோற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதற்காக யார் கவலைப்படுகிறார்கள், சொல்லுங்கள்.

சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸம்மா இருக்கிறார், கொஞ்சம் குண்டு, குரல் மட்டும் மெல்லிசு. எடை பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கிருமி, பூச்சி என்று ஒன்றும் இல்லை, வயிறு தாங்காத அளவு உள்ளே போகிறது, அவ்வளவுதான் என்றார். வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், எங்கே உட்காருவீர்கள், யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் உடைசல் பையைப் பற்றியும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பசி வர்றதுக்கு முன்னாடியே பிஸ்கட் போயிடுது. அப்புறம் பசின்னா என்னன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் அப்பா, தெரிந்திருக்க வேண்டும். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பாம். எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வயிற்றுப் பொறுப்பாம். நாம் அதில் கை வைக்கக் கூடாதாம். தட்டைக் காலி பண்ணினால் அது தருவேன் இது தருவேன் என்று ஆசை காட்டக் கூடாது, பண்ணாவிட்டால் அடிப்பேன் பிடித்துக் கொடுப்பேன் என்று பயமும் காட்டக் கூடாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். சின்னத் தட்டு. அவளே தனக்கு எடுத்து வைத்துக்கொள்ளட்டும். போதும் என்று அவள் சொன்னால் அதற்குமேல் ஒரு பருக்கை வேண்டாம்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "போலீஸ்காரர் வர்றாருன்னு சொல்லாம என் பையன் வாயைத் திறந்ததே இல்லைங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா, "அப்ப அவன் போலீசுக்குப் பயந்து சாப்பிடுறான், பசிக்குச் சாப்பிடலம்மா" என்று சொன்னார்.

அன்றே உடைசல் பையை டெய்லரம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாழைப்பழம், இல்லாவிட்டால் கேரட்டை நீளநீளமாக நறுக்கி வைக்கிறேன். சாயங்காலம் கீரை ஆய உட்கார்ந்தால் அவளும் வந்து உட்காருகிறாள். அவள் அம்மாவுக்கும் கீரை ஆய்வதென்றால் பிடிக்கும், தண்டை ஒடித்து ஒடித்துப் பார்ப்பாள். இவள் ஒவ்வொரு இலையாகப் பூச்சி பார்க்கிறாள். இவரையும் வயரிங் வேலை முடிந்து நேரத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். டீவி கிடையாது, போன் அலமாரி மேல்.

எல்லாம் நர்ஸம்மா சொன்னபடிதான் செய்கிறேன். ஆனால் அவள் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். பாத்திரத்தில் என்ன இருந்தாலும் அது தீர வேண்டும். தீர்ந்த பிறகு என் தட்டைப் பார்க்கிறாள், இவர் தட்டைப் பார்க்கிறாள். "பெரியம்மா, அந்தக் கத்திரிக்காய்" என்று விரலால் காட்டுகிறாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் ருசித்துச் சாப்பிடுகிற மாதிரி இல்லை தம்பி. வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை மாதிரி இருக்கிறது முகம்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துக் கட்டில்காரர் லீவில் வந்தவர் நீங்கள் கொடுத்தனுப்பிய சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், வாய் ஓயாமல் பேசுகிறார். குருவி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். "உங்க தம்பிக்கு ராத்திரி சாப்பாடே இறங்கறதில்லக்கா. போன் வர்ற நேரம் என் தட்டைக் கழுவி வாங்கிக் காட்டிட்டுக் கொடுத்துடுவாரு. நான் அவருக்குத் தட்டு வாடகைக்கு விடுறேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். அவர் போன பிறகு உங்கள் புதுப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிகிறது.

நான் யாருக்குச் சொல்ல? ஆஸ்பத்திரியில் என் தங்கைக்குத் தட்டுத் தட்டாகச் சாப்பாடு வரும். அவளால் தொட முடியாது. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைப்பேன், அதுதான் அவளுக்குச் சாப்பாடு. தட்டை அப்படியே திருப்பி அனுப்ப மனசு வராது. திருப்பி அனுப்பினால் இவளுக்கு இனிச் சாப்பாடு வேண்டாம் என்று எழுதிவிடுவார்களோ என்று ஒரு பயம். முழுதையும் நானே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். உப்பு உறைப்பு ஒன்றும் தெரியாது. காலித் தட்டைப் பார்த்துவிட்டு ஆயாம்மா, "பரவால்லையே, இன்னைக்கு நல்லா சாப்பிட்டிருக்காங்களே" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

அதனால் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். முடிந்த அளவு சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா

---

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தை அறையில் எல்லோர் முன்னாலும் பிரிக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து படியுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குருவி இப்போது கீழ்வீட்டில் டெய்லரம்மாவுக்குப் பட்டன் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்கிறது.

இவருக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் ரத்தம் பார்த்ததில் ஏறியிருந்தது. சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். நான் பழக்கத்தில் எப்போதும் போல வைத்துவிட்டேன். இவர் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தள்ளி வைத்து, "போதும்டி, மிச்சத்தைப் பூனைக்குப் போடு" என்றார்.

குருவி, "பெரியப்பா, மிச்சம் வைக்காதீங்க" என்றாள். இவர் விளையாட்டாக, "உங்க பெரியம்மா சமையலை இதுக்கு மேல சாப்பிட்டா நான் போய்ச் சேர்ந்துடுவேன்" என்றார். எப்போதும் என்னைக் கிண்டல் பண்ணுகிற மனிதர்தானே, வாயில் வந்துவிட்டது.

அவ்வளவுதான். பிள்ளை தாவி அந்தத் தட்டை இழுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் திணிக்கிறாள். மெல்லவில்லை, விழுங்குகிறாள். இவர் கையைப் பிடித்தார். பிடித்த கையைக் கடித்துவிட்டாள். மூச்சு அடைத்துக் கண் பிதுங்குகிறது, அப்போதும் தட்டை விடவில்லை. நான் வாய்க்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் எடுத்தேன். அப்போதுதான் தம்பி, அவள் அழுதாள். அம்மா போனபோது அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அழுதாள்.

நான் மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

"நான் அப்பாவை ஏமாத்திட்டேன் பெரியம்மா. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப கீரையும் முட்டையும் பிடிக்கல. பாத்ரூம் ஓட்டையில கொட்டிட்டு, தண்ணி ஊத்திட்டு, காலித் தட்டைக் காட்டினேன். அப்பா நம்பிட்டாரு. அம்மாவுக்கு இன்னைக்குக் காய்ச்சல் இறங்கிடும்னு சொன்னாரு. ஆனா அம்மா உடம்புக்குத் தெரிஞ்சிடுச்சு."

ஆறு வயதுப் பிள்ளை இதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நம் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது தம்பி. தட்டில் மிச்சம் இருந்தால் யாராவது போய்விடுவார்கள். அவள் தட்டு மட்டுமில்லை, என் தட்டு, இவர் தட்டு, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தட்டு. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களையும் இவள்தான் சாப்பிட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். உங்கள் தட்டைச் சாய்த்துக் காட்டச் சொன்னது எதற்கென்று இப்போது தெரிகிறதா? நாம் செல்லம் என்று நினைத்தோம். அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

உங்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் என்ன, ஊர் உலகத்தில் இல்லாததையா சொன்னீர்கள்? சுகாதார நிலையத்தில் நின்றவள் போலீசைக் கூப்பிட்டாள். எங்களுக்குச் சோறு ஊட்டும்போது எங்கள் அம்மா, கிணற்றுக்குள் ஒரு கை இருக்கிறது, சாப்பிடாவிட்டால் அது வந்து பிடிக்கும் என்பாள். நீங்கள் எங்கோ கப்பல் கட்டுகிற இடத்தில், லீவு கிடைக்காமல், பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்க, பிள்ளை சாப்பிடாமல் அடம் பிடிக்க, போனுக்குள் இருந்துகொண்டு வேறு என்னதான் செய்ய முடியும்? அந்த வார்த்தையை நீங்கள் அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டீர்கள். அது எனக்குத் தெரியும்.

அவளிடம் நான் சொன்னேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி இருந்தது, நீ கீரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கேட்டிருக்காது, டாக்டர் கொடுத்த மருந்துக்கே அது கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். "அப்ப அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு? அப்பா பொய் சொல்வாரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றால் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆளையும் நான் பொய்யர் ஆக்கியதாகும். இல்லை என்றால் அவள் அம்மாவை அவளே கொன்றதாக ஆகும். பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள். இதற்கு நான் பதில் சொல்ல முடியாது தம்பி. டெய்லரம்மா சொல்ல முடியாது, நர்ஸம்மாவும் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாவைக் கேள் என்று மட்டும் சொன்னேன். அவள் இன்னும் உங்களிடம் கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமலே இருக்கிறாள். கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவள் இவர் பாயோரம் உட்கார்ந்திருந்தாள். இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கால் பெருவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். இவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இவருக்கு எப்படித்தான் தோன்றியதோ, எழுந்து நின்று கையைக் காலை உதறிக் காட்டினார். "நேத்து மிச்சம் வச்சேன்ல? பாரு, இருக்கேன். இன்னைக்கும் மிச்சம் வைப்பேன். நாளைக்கும் வந்து பாரு" என்றார். கடித்த இடத்தில் பல் தடம் இருந்தது. அதையும் காட்டி, "இதுக்கு மட்டும்தான் மருந்து போடணும்" என்றார்.

அன்றிலிருந்து இவர் தினமும் தட்டில் ஒரு பிடி மிச்சம் வைக்கிறார். சர்க்கரைக்காக நானே குறைத்துத்தான் வைக்கிறேன், அதிலும் ஒரு பிடி ஒதுக்குகிறார். பசியோடுதான் எழுந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவள் தினமும் காலையில் வந்து பார்க்கிறாள். இருக்கிறார். நேற்று நானும் ஒரு பிடி வைத்தேன். சோற்றை மிச்சம் வைத்து வளர்ந்தவள் இல்லை நான். இன்று காலையில் அவள் அடுப்படி வாசலில் வந்து நின்று, நான் பாத்திரம் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று எல்லோருக்கும் லீவு. மத்தியானம் அவள் தன் தட்டின் ஓரத்தில் ஒரு பீன்ஸ் துண்டை ஒதுக்கினாள். ஒன்றே ஒன்று. நானும் இவரும் வேறு பக்கம் பார்த்தோம். கை கழுவ எழுந்து போனாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அப்பாவுக்கு" என்றாள்.

எங்கள் இரண்டு பேரையும் அவள் விட்டுவிட்டாள் தம்பி. உங்களைத்தான் விடவில்லை.

இவர், "சகலையை வரச் சொல்லி எழுது" என்கிறார். லீவு கேளுங்கள். கிடைத்தால் வாருங்கள். கிடைக்கிறபோது வாருங்கள். அதுவரைக்கும் நான் ஒன்று கேட்கிறேன், அதைச் செய்யுங்கள்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று, பக்கத்துக் கட்டில்காரர் தட்டை வாங்காதீர்கள். உங்கள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எது இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். இறங்காது, தெரியும். எனக்கும்தான் இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வயிறு போதும் என்று சொல்லும்போது நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். அவள் தட்டைக் காட்டச் சொல்வாள். ஒரு பிடி மிச்சம் இருக்கிற அந்தத் தட்டைக் காட்டுங்கள். சாய்த்துக் காட்டுங்கள், நன்றாகத் தெரியட்டும். இதற்கு முன்னால் காட்டினதெல்லாம் அடுத்தவர் தட்டு என்றும் சொல்லிவிடுங்கள். அவளும் ஏமாற்றினாள், நீங்களும் ஏமாற்றினீர்கள், இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துகொண்டுதான் ஏமாற்றினீர்கள் என்று அவளுக்குத் தெரியட்டும். அம்மாவைப் பற்றிச் சொன்னது உண்மை இல்லை, ஆசையில் சொன்னது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் அழுவாள். நான் பக்கத்தில் இருக்கிறேன். நீங்களும் அழுங்கள், போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவள் பள்ளிக்கூடம் போவதற்குள் ஒரு தடவை கூப்பிடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். முகத்தைக் காட்டினால் போதும். அவள் பார்த்துக்கொள்வாள். அதற்கு அடுத்த நாளும் கூப்பிடுங்கள். அதற்கு அடுத்த நாளும்.

என் தங்கை செருப்பை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வேறொன்றுமில்லை, நீங்கள் வந்தால் உங்கள் செருப்பு விட இடம் வேண்டுமே.

தட்டில் ஒதுக்குகிற அந்த ஒரு பிடி போக, மற்றதெல்லாம் உங்கள் உடம்பில் ஒட்டட்டும்.

உங்கள் அக்கா